கபோஷைத் தேடிய மூன்று வாரம்

வாள்வீச்சு விளையாட்டின் மூன்று வாள்களில் ஒன்றான சேபர் பிடிப்பவர்களுக்கு ஹங்கேரி என்றால் தனி மரியாதை. 1908 முதல் 1964 வரை ஒலிம்பிக்கில் சேபர் தனிநபர் தங்கத்தை, 1920 தவிர, அவர்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்த வரிசையில் 1936 பெர்லினுக்கு நேராக இருப்பவர் எந்த்ரே கபோஷ். ஹிட்லரின் தலைநகரில் தனிநபர், குழு இரண்டிலும் தங்கம் வென்ற யூதர். போரின்போது இறந்தார் என்று ஒரே ஒரு வரி படித்தேன். எப்படி என்று தெரியாமல் விட மனம் வரவில்லை.

முதல் தடுமாற்றம் பெயரில். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் போடுவார்கள், நம் இனிஷியல் மாதிரி: கபோஷ் எந்த்ரே. இது தெரியாமல் ஒரு வாரம் போனது. அடுத்து, பிறந்த ஊர் ஓரிடத்தில் நாஜ்வாராட், இன்னோரிடத்தில் ஒராடேயா. ஊர் ஒன்றுதான், முதல் உலகப் போருக்குப் பின் ருமேனியாவுக்குப் போய்விட்டது.

பிறகு நேராக வதைமுகாம் பட்டியல்களுக்குள் போனேன். அது தவறு. கபோஷைத் தேடப் போய் மற்றவர்களைக் கண்டேன். 1908, 1912 குழுத் தங்கம் வென்ற ஓஸ்கார் கெர்டே, 1928 குழுத் தங்கம் வென்ற யானோஷ் கராய், இருவரும் இறந்தது மவுத்தாவுசன் வதைமுகாமில். 1932 லாஸ் ஏஞ்சலஸில் கபோஷோடு ஒரே அணியில் நின்ற அத்தில்லா பெட்சாவர், கட்டாய உழைப்புப் படையோடு உக்ரைனுக்கு அனுப்பப்பட்டு 1943-இல் இறந்தார். அன்றிரவு அதற்கு மேல் தேட முடியவில்லை.

கபோஷையும் யூதர்களுக்கான உழைப்பு முகாமில் அடைத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் ராணுவ அதிகாரிகளுக்கு வாள்வீச்சு கற்றுத்தர அவரையே அழைத்தும் இருக்கிறார்கள். இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆனால் அவர் இறந்தது முகாமில் இல்லை. 1944 நவம்பர் 4, புடாபெஸ்டின் மார்கரெட் பாலம். ஜெர்மானியர் பொருத்தியிருந்த வெடிகள் பட்டப்பகலில், டிராமும் ஜனங்களும் போய்க்கொண்டிருக்கும்போதே வெடித்துவிட்டன. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பாலத்தின் மேல் கபோஷும் இருந்தார்.

நோட்டில் பிறந்த தேதிக்குக் கீழே இறந்த தேதியை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. 1906 நவம்பர் 5. விடிந்தால் அவருக்கு 38 வயது.

வாள்வீச்சு உடுப்பு அவருக்கு முதலில் கிடைத்ததே பிறந்தநாள் பரிசாகத்தான் என்பார்கள். பையன் அதை ஒளித்து வைத்திருக்கிறான். கூட்டாளிகள் கண்டுபிடித்துக் கேலி செய்ய, மறுநாளே போய்ப் பயிற்சியில் சேர்ந்துவிட்டான்.