கேட்வே மாட்டினா முடிஞ்சுதுன்னு நினைச்சேன்

எனர்ஜி மீட்டர் 24, எல்லாம் ஒரே ஆர்எஸ்-485 லைன்ல (பல டிவைஸ் ஒரே வயர்ல பேசுற சீரியல் லைன்) வரிசையா கோர்த்திருக்கு, பேசுற பாஷை மாட்பஸ் ஆர்டியு, வேகம் 9600 பாட், அதாவது செகண்டுக்கு 9600 பிட். இவ்ளோ நாள் ஒரு பழைய பிசியோட காம் போர்ட் (சீரியல் போர்ட்) வழியா ஸ்காடா, அதாவது கண்காணிப்பு சாப்ட்வேர், படிச்சிட்டு இருந்துச்சு. அந்த பிசியை மாத்துறாங்க, புதுசுல சீரியல் போர்ட்டே கிடையாது, கூடவே மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு டேஷ்போர்டும் வேணுமாம். சீரியலை நெட்வொர்க்குக்கு மாத்திக் குடுக்கிற கேட்வேன்னு ஒரு பெட்டி வாங்கி ஈதர்நெட்ல விட்டா தீந்துச்சு, அரை நாள் வேலைன்னு எழுதியே குடுத்துட்டேன். நாலு நாள் ஆச்சு.

முதல் நாள் வயருக்கே போச்சு. ஏ, பி-ன்னு ரெண்டு டெர்மினல் இருக்கும்ல, அதுல எது பிளஸ் எது மைனஸ்ன்னு கம்பெனிக்கு கம்பெனி மாத்தி எழுதுவாங்க, அதனால பேரை நம்பாதீங்க, பதில் வரலன்னா முதல்ல ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க, ஒண்ணும் எரிஞ்சு போகாது. அப்புறம் 120 ஓம் டெர்மினேஷன், சிக்னல் முனையில மோதித் திரும்பாம இருக்கப் போடுற ரெசிஸ்டர், அது லைனோட ரெண்டு முனையில மட்டும்தான் இருக்கணும். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஏ-க்கும் பி-க்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சா சுமாரா 60 ஓம் காட்டணும். எனக்கு 40 காட்டுச்சு. அப்படின்னா மூணாவதா ஒண்ணு எங்கயோ உக்காந்திருக்கு. நடுவுல ஒரு மீட்டர்ல டெர்மினேஷனுக்கான டிப் சுவிட்ச் (குட்டி சுவிட்ச்) ஆன்ல கிடந்துச்சு, அதைத் தேடி ஒவ்வொரு பேனலா திறந்ததுல சாயங்காலம் ஆயிடுச்சு.

வாங்குறதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சீரியல்-டு-ஈதர்நெட்ன்னு விக்கிறது எல்லாம் ஒண்ணு இல்ல. சிலது வெறும் குழாய் மாதிரி, இந்தப் பக்கம் வந்த பைட்டை அப்படியே அந்தப் பக்கம் தள்ளும், அவ்ளோதான். மாட்பஸ் ஆர்டியுல ஒரு மெசேஜ் எங்க முடியுதுங்கிறதே லைன் அமைதியா இருக்கிற நேரத்தை வச்சுத்தான், 3.5 கேரக்டர் நேரம், 9600-ல கிட்டத்தட்ட 4 மில்லிசெகண்ட். நெட்வொர்க் அந்த இடைவெளியை மதிக்காது, ஒரு மெசேஜை ரெண்டு பாக்கெட்டா உடைச்சும் அனுப்பும். நிஜமான மாட்பஸ் கேட்வே அப்படி இல்ல, மாட்பஸ் டிசிபின்னு ஈதர்நெட் பக்கம் வந்த 7 பைட் ஹெடரைப் பிரிச்சு, அதுல இருக்கிற யூனிட் ஐடியை ஸ்லேவ் நம்பரா (லைன்ல மீட்டரோட அட்ரஸ்) எடுத்துக்கிட்டு, சிஆர்சியை (பிழை இருக்கான்னு பாக்குற செக் கோடு) தானே போட்டு சீரியல்ல விடும். உங்க ஸ்காடா மாட்பஸ் டிசிபி பேசும்னா இதைத்தான் வாங்கணும்.

சரி, ரெண்டாவது நாள் ஸ்காடா படிக்க ஆரம்பிச்சிருச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். மத்தியானம் டேஷ்போர்டை ஆன் பண்ணோம், அஞ்சு நிமிஷத்துல ஸ்காடால வேல்யூ எல்லாம் ஒண்ணொண்ணா உறைஞ்சு போய் கம்யூனிகேஷன் அலாரமா கொட்டுது. பிங் அடிச்சா 1 மில்லிசெகண்ட், சுவிட்ச் சுத்தம், கேபிள் சுத்தம். நெட்வொர்க்ல போறதைக் காட்டுற வயர்ஷார்க் போட்டுப் பாத்தா எக்ஸெப்ஷன் 11-ங்கிற மாட்பஸ் எரர் கோடு வரிசையா வருது, அதாவது கேட்வே நல்லாத்தான் இருக்கு, பின்னாடி இருக்கிற டிவைஸ் பதில் சொல்லல.

அப்பத்தான் உக்காந்து கணக்கு போட்டேன், மொத நாளே போட்டிருக்கணும். 9600-ல ஒரு பைட் போக சுமாரா 1 மில்லிசெகண்ட். கேள்வி 8 பைட், ரெண்டு ரெஜிஸ்டர் (மீட்டருக்குள்ள 2 பைட் மதிப்பு வச்சிருக்கிற இடம்) படிச்சா பதில் 9 பைட், அமைதி நேரம், மீட்டர் யோசிக்கிறதுக்கு ஒரு 50 மில்லிசெகண்ட், எல்லாம் சேத்து ஒரு கேள்விக்கு 75. வோல்டேஜ் தனியா, கரண்ட் தனியா, யூனிட் தனியான்னு மீட்டருக்கு மூணு கேள்வி. 22 மீட்டருக்கு 5 செகண்ட். ஏன் 24 இல்ல 22-ன்னா, ரெண்டு மீட்டரை எப்பவோ கழட்டிட்டாங்க, போல் லிஸ்ட்ல (வரிசையா யாரையெல்லாம் கேக்கணும்ங்கிற பட்டியல்) இருந்து யாரும் எடுக்கல! இல்லாத மீட்டரை கேட்வே 1 செகண்ட் டைம்அவுட்டோட மூணு தடவை கூப்பிடும், அதுவும் மூணு கேள்விக்கும், ரெண்டு மீட்டருக்கும். அதுக்கு மட்டும் 18 செகண்ட். ஆக ஒரு ரவுண்டு 23 செகண்ட், அதுல முக்கால்வாசி இல்லாத ஆளைக் கூப்பிட்டே போகுது.

பழைய பிசிலயும் இதே கதைதான் ஓடியிருக்கும், மீட்டர் ரீடிங்தானே, யார் செகண்ட் எண்ணிட்டு இருக்கா. டேஷ்போர்டும் அதே லிஸ்ட்டோட வந்ததும்தான் வெடிச்சுது. ஈதர்நெட் பக்கம் ஒரே நேரத்துல பல பேர் கனெக்ட் ஆகலாம், ஆனா பின்னாடி 485 லைன்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். நாலு வழிச் சாலையைக் கொண்டு போய் ஒத்தையடிப் பாதையில முட்டவிட்ட மாதிரி. இதுல ஸ்காடாவோட டைம்அவுட் 2 செகண்ட், கேட்வே ஒரு செத்த கேள்வியை விடவே 3 செகண்ட் ஆகுது, அதுக்குள்ள ஸ்காடா பொறுமை இழந்து திரும்பக் கேக்கும், முதல் கேள்வியும் க்யூலதான் இருக்கும், க்யூ வளந்துக்கிட்டே போகும்.

போல் லிஸ்ட்ல அந்த ரெண்டையும் தூக்கினேன். மீட்டருக்கு மூணு கேள்வியை ஒரே கேள்வியா ஆக்கினேன், 40 ரெஜிஸ்டரை ஒரே மூச்சுல (125 வரைக்கும் கேக்கலாம், நடுவுல இல்லாத அட்ரஸ் வந்தா சில மீட்டர் எக்ஸெப்ஷன் 2 குடுத்து முரண்டு பிடிக்கும், பாத்துக்கோங்க). கேட்வே டைம்அவுட் 300 மில்லிசெகண்ட், ரெண்டே தடவை. டேஷ்போர்டை லைன்ல இருந்தே கழட்டிட்டேன், ஸ்காடா மட்டும் படிக்கும், அது ஓபிசி யூஏ (சாப்ட்வேருக்கு நடுவுல டேட்டா பரிமாறுற ஸ்டாண்டர்ட்) வழியா டேஷ்போர்டுக்குக் குடுக்கும். இப்ப ஒரு ரவுண்டு மூணரை செகண்ட். 19200 ஆக்கினா இன்னும் ஒரு செகண்ட் மிச்சமாகும், பாதியால்லாம் குறையாது, ஏன்னா மீட்டர் யோசிக்கிற நேரம் அப்படியேதான் இருக்கும். அதுக்காக 22 பேனல் திறக்க எனக்கு தெம்பு இல்ல.

ஃப்ளோட் (ரெண்டு ரெஜிஸ்டர் சேர்ந்து வர்ற தசம எண்) கதையும் சொல்லிடுறேன். ஒரு டைப் மீட்டர்ல மட்டும் வோல்டேஜ் கண்டபடி வந்துச்சு. ரெண்டு ரெஜிஸ்டரோட வரிசை மாறியிருந்துச்சு. 230-ங்கிறது ஹெக்ஸ்ல 4366 0000, வரிசை மாறினா 0000 4366, அது கிட்டத்தட்ட பூஜ்யம். வரிசையை மாத்திப் படிக்கிற வேர்ட் ஸ்வாப் ஆப்ஷனை டிக் பண்ணதும் சரியாயிடுச்சு.

கிளம்புற நேரத்துல சும்மா ஆபீஸ் வைஃபைல இருந்து லேப்டாப்ல கேட்வேயோட 502 போர்ட்டை (மாட்பஸ் டிசிபி போர்ட்) தட்டிப் பாத்தேன். மீட்டர் ரீடிங் ஜம்முன்னு வருது. மாட்பஸ் 1979-ல வந்தது, பாஸ்வேர்டுங்கிற பேச்சே அதுல கிடையாது, முன்னாடி கேபிளைத் தொட்டாத்தான் உள்ள போக முடியும், இப்ப நெட்வொர்க்ல இருக்கிற யார் வேணா ரெஜிஸ்டர்ல எழுதலாம். ஐடி ஆளைப் பிடிச்சு தனி விலேன் (பிரிச்சு வச்ச நெட்வொர்க்) போட்டு, ஸ்காடா ஐபிக்கு மட்டும் கேட்வேல அனுமதி குடுத்துட்டுத்தான் வந்தேன்.

அடுத்து ரெண்டு ஆர்எஸ்-232 எடை மெஷின் இருக்காம். அதுக்கு மாட்பஸ்லாம் தெரியாது, யாரும் கேக்காமலே எடையை டெக்ஸ்ட்டா கொட்டிக்கிட்டே இருக்கும், மேனுவலும் தொலைஞ்சு போச்சாம். எத்தனை நாள் ஆகும்னு கேட்டாங்க, பாத்துட்டு சொல்றேன்னுட்டேன்.