ஸ்டியர்மேன் ஓட்டுறவங்களுக்கு
1940கள்ல கான்சாஸ் விச்சிட்டாவுல செஞ்ச போயிங் ஸ்டியர்மேன் ரெட்டை இறக்கை விமானம், 220 குதிரைசக்தி கான்டினென்டல் ரேடியல் (சிலிண்டர்கள் வட்டமா சுத்தி இருக்குற இன்ஜின்), எனக்கு உசுரு. நிறுத்தி வெச்சா ஆயில் மெதுவா இறங்கி கீழ் சிலிண்டர்ல தேங்கிடும், அதனால மேக்னெட்டோ (ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் குடுக்கறது) ஆஃப்ல இருக்கான்னு பாத்துட்டு ப்ரொப்பெல்லரை கையாலயே சுத்திப் பாக்கணும், கெட்டியா தடுத்துச்சுன்னா அதோட விட்டுரணும், பலம் போட்டா கனெக்டிங் ராட் வளைஞ்சிரும், பின்பக்கமா சுத்துனா ஆயில் இன்டேக் பைப்புக்குள்ள போய் உக்காந்துக்கும், கீழ் ஸ்பார்க் ப்ளக்கை கழட்டி வடிய விடறதுதான் சரி. இதை அவசரத்துல தாண்டுறவங்க மேல எனக்கு கோவமே வரும். டாக்ஸி பண்ணும்போது, அதாவது தரையில ஓட்டிட்டுப் போகும்போது, விமானத்தோட மூக்கு முன்னாடி மறைக்கும், வளைஞ்சு வளைஞ்சு எட்டிப் பாத்துதான் போகணும். இறங்கினதும் ரட்டர் (வால்ல இருக்குற திருப்பு பலகை) பெடல்லேர்ந்து காலை எடுத்துராதீங்க, எடை மெயின் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கு, கொஞ்சம் அசந்தா வால் முன்னாடி சுத்தி வந்துரும்.