கண்ணில் கத்திரிப்பூ: 220 ரூபாய் டப்பாவோடு ஆறு வாரம்

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ரப்பர் பேண்ட் வாங்கப் போன இடத்தில்தான் அந்த ஐஷேடோ டப்பா, அதாவது கண்ணிமையில் பூசுகிற கலர்த்தூள் டப்பா, கண்ணில் பட்டது. ஒன்பது குழி, ஒன்பதும் இளநிறம். மூடியில் ஒவ்வொன்றுக்கும் ஏதோ இங்கிலீஷ் பெயர் அச்சடித்திருந்தார்கள். எனக்குப் புடவைக்கடைப் பெயர்தான் நினைவில் நிற்கும்: கத்திரிப்பூ, பிஸ்தா, வெங்காயத்தோல், எலுமிச்சை மஞ்சள், வான நீலம், ரோஸ், பீச், சந்தனம், தந்த வெள்ளை. விலை 220.

பக்கத்திலேயே 24 கலர் டப்பா 90 ரூபாய்க்கு இருந்தது. சபலம்தான். திருப்பிப் பார்த்தால் தயாரிப்பு உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. கண்ணுக்குப் போடுகிற சாமான். வைத்துவிட்டேன்.

முதல் ஞாயிறு

கத்திரிப்பூவை எடுத்து இமை முழுக்கப் பூசினேன். டப்பாவில் அவ்வளவு அழகாக இருந்த நிறம், என் கண்ணுக்கு வந்ததும் காணாமல் போய்விட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தேன். கன்னமெல்லாம் தூள். அம்மா காபியோடு வந்து பார்த்துவிட்டு, "என்னடி, விபூதியக் கொண்டுபோய்க் கண்ணுல பூசியிருக்க?" என்றாள்.

சிரிப்பு வந்தாலும், சொன்னது நிஜம். விபூதியேதான்.

நான் மாநிறம். இந்த மாதிரி வெளிர் நிறமெல்லாம் வெள்ளைத்தோல்காரர்களுக்குத்தான், இல்லாவிட்டால் விலை கூடின டப்பா வேண்டும் என்று முடிவுகட்டி அன்றைக்கு முகத்தைக் கழுவிவிட்டேன்.

இரண்டாம் வாரம்: கையில் போட்ட கட்டம்

மனசு கேட்கவில்லை. டப்பாவின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் போனில் பெரிதாக்கிப் படித்தேன். டால்க், மைகா, அப்புறம் சிஐ என்று தொடங்கும் நிறமி எண்கள். சிஐ 77891 என்றால் டைட்டானியம் டையாக்ஸைடு, சுண்ணாம்பு மாதிரி பளிச்சென்ற வெள்ளை. சிஐ 77007 அல்ட்ராமரைன் நீலம். சிஐ 77742 மாங்கனீஸ் வயலட். இளநிறம் என்பது வேறொன்றுமில்லை, நிறைய வெள்ளையில் கொஞ்சம் கலர். கோலப்பொடிக் கடையில் வெள்ளை மாவில் சாயம் கலக்கிறார்களே, அதே கணக்கு. அந்த வெள்ளை மெல்லிசாகப் பழுப்புத் தோலின் மேல் விழுந்தால் சாம்பலாகத்தான் தெரியும். டப்பா மேல் குற்றமில்லை, என் நிறம் மேலும் குற்றமில்லை. ஒன்றின் மேல் ஒன்றை நேரே போட்டதுதான் தப்பு.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பால்பாயிண்ட் பேனாவால் நாலு பத்தி கோடு கிழித்தேன். முதல் பத்தி வெறும் தோல். இரண்டாவதில் முகப்பவுடர். மூன்றாவதில் கன்சீலர், கருவளையம் மறைக்கிற தோல்நிறக் களிம்பு. நாலாவதில் 95 ரூபாய் வெள்ளைக் காஜல் பென்சிலைத் தேய்த்து விரலால் பரப்பியது. ஒவ்வொன்றிலும் ஆறு கலர், மொத்தம் இருபத்துநாலு கட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். டியூப்லைட்டில் பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கிற மாதிரிதான் தோன்றும், நம்பக் கூடாது.

வெறும் தோலில் எலுமிச்சை மட்டும் தப்பித்தது. பீச் தோலோடு தோலாகப் போய்விட்டது. நீலம் ஈயப் பாத்திர நிறம். பிஸ்தா, மழைக்காலச் சுவர். பவுடர் போட்ட பத்தி அதைவிட மோசம்; வெள்ளை மேல் வெள்ளை, ஒட்டவும் இல்லை. கன்சீலரில் பீச்சும் ரோஸும் எழுந்து உட்கார்ந்தன, ஆனால் கத்திரிப்பூ இன்னும் மங்கல். என் கன்சீலர் மஞ்சள் சாயல் உள்ளது. மஞ்சளும் ஊதாவும் எதிரெதிர் நிறம், சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். நம் தோலிலேயே ஆரஞ்சுச் சாயல் இருப்பதால்தான் நீலமும் அங்கே செத்துப்போகிறது.

நாலாவது பத்தியைப் பார்த்துத் தங்கச்சியைக் கூப்பிட்டேன். "அக்கா, இது அதே டப்பாவா?" என்றாள். அதே டப்பாதான். கத்திரிப்பூ கத்திரிப்பூவாகவே இருந்தது.

வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர் தெளித்த ஈரத்தில்தான் மாவு பிடிக்கும், காய்ந்த தரையில் போட்டால் காற்றோடு போகும். வெள்ளைப் பென்சிலின் பிசுபிசுப்பு அந்த ஈரம்.

மூன்றாம் வாரம்

கையில் வந்தது கண்ணில் வரவில்லை. வெள்ளையை இமை முழுக்க அப்பி, மேலே நீலம் போட்டதில் தெருக்கூத்துக்குக் கிளம்பின மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் இமை மடிப்பில் எல்லாம் திரண்டு ஒரு வெள்ளைக் கோடு வேறு.

மூன்று விஷயம் மாற்றினேன். வெள்ளையை இமையின் நடுவில் மட்டும், அதுவும் பென்சிலால் நேரே தீட்டாமல் மோதிர விரலில் எடுத்து ஒற்றினேன். அரை நிமிஷம் கீழே பார்த்தபடி இருந்து, மடிப்பில் சேர்ந்ததை மறுபடி விரலால் தட்டிச் சமப்படுத்திய பிறகுதான் தூள். தூளையும் தேய்க்கவில்லை, தட்டையான ப்ரஷில் கொஞ்சமாக எடுத்து அழுத்தி அழுத்தி வைத்தேன், மூன்று சுற்று. தேய்த்தால் அடியில் இருக்கிற வெள்ளையும் சேர்ந்து கிளம்பிவிடுகிறது.

மடிப்புக்கு மேலே பளபளப்பில்லாத பிரவுன் ஷேடோ, என் தோலைவிட ஒரு சாயல்தான் அடர்த்தி. இது இல்லாமல் இளநிறம் எதுவுமே முகத்தோடு ஒட்டாது, ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தனியாக நிற்கும். என்னைக் கேட்டால் ஒன்பது கலரைவிட இந்தப் பத்தாவது கலர்தான் முக்கியம், ஆனால் அந்த டப்பாவில் அது கிடையாது.

இன்னொன்று: எனக்குக் கண்ணைத் திறந்தால் பாதி இமை உள்ளே மடிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையெல்லாம் திறந்ததும் மாயம். இப்போது கண்ணாடியை நேரே பார்த்து, கண் திறந்திருக்கும்போதே எல்லைக்கோட்டைப் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்கிறேன்.

நாலாம் வாரம்: கெட்டித்தட்டின நீலம்

இமையோரம் கோடு தீட்டுகிற கலர் லைனர் தனியாக வாங்க மனசில்லை, இருக்கிற நீலத்தையே லைனராக்கலாம் என்று ப்ரஷை நனைத்துக் குழியிலேயே குழைத்தேன். கோடு ஓரளவு வந்தது. காய்ந்ததும் சேற்று வயல் மாதிரி வெடித்தது, அது வேறு கதை. மறுநாள் பார்த்தால் குழியின் மேல் மினுமினுவென்று ஓர் ஏடு. ப்ரஷ் வழுக்குகிறது, துளித் தூள் வரவில்லை. நீலம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். செல்லோடேப்பை மேலே ஒட்டி, நகத்தால் நீவி, சரக்கென்று பிரித்தேன். ஏடு தோசைப் பொறுக்கு மாதிரி வந்துவிட்டது, அடியில் பழைய தூள் அப்படியே இருந்தது.

அதன்பிறகு குழியில் தண்ணீர் படவிடுவதில்லை. தூளைப் பழைய மூடியில் சுரண்டிப் போட்டு, நாலு சொட்டுத் தண்ணீருக்கு ஒரு சொட்டு கிளிசரின் சேர்த்துக் குழைக்கிறேன். மெடிக்கலில் கிடைக்கிற கிளிசரின்தான். வெடிப்பு நின்றுவிட்டது. காயக் கொஞ்சம் நேரமாகிறது, அவ்வளவுதான். இமைக்கு மேலே மட்டும். கண்ணின் உள்விளிம்புக்கு இதைக் கொண்டுபோவதில்லை.

கலைக்கத் தேங்காயெண்ணெய். பஞ்சில் நனைத்து மூடிய கண்மேல் கொஞ்ச நேரம் வைத்தால் தானே விட்டுவிடும். ஆனால் எண்ணெய் மிச்சமிருந்தால் மறுநாள் போடுவது அத்தனையும் வழுக்கும், இரண்டு நாள் பட்டபின்தான் புரிந்தது. இப்போது எண்ணெய்க்குப் பின் ஃபேஸ்வாஷ் கட்டாயம்.

ஐந்தாம் வாரம்

உள்மூலையில் எலுமிச்சை, நடுவில் பீச், வெளிமூலையில் ரோஸ். சாயங்கால வானம். மூன்றும் நம் தோலுக்குச் சொந்தக்கார நிறங்கள் என்பதால் வெள்ளையே அதிகம் தேவைப்படவில்லை. எட்டு நிமிஷத்தில் முடிந்தது. எளிதாக வருவதாலேயே எனக்கு இதில் பெரிய கர்வம் இல்லை.

ஆறாம் வாரம்: வளைகாப்பு

பெரியம்மா பெண்ணுக்கு வளைகாப்பு. நான் பிஸ்தாப் புடவை. கண்ணுக்கும் பிஸ்தாவே போட்டுப் பார்த்துக் கலைத்தேன், புடவைக் கடை பொம்மை மாதிரி இருந்தது. கடைசியில் மடிப்பில் பிரவுன், இமையின் நடுவில் மட்டும் கத்திரிப்பூ, ஒரு பட்டாணி அளவு. மேல் இமையோரம் கறுப்பு மை. முதலில் கண், கன்னத்தில் உதிர்ந்ததைத் துடைத்துவிட்டு அப்புறம்தான் முகம்.

மண்டபத்தில் ஏசி கிடையாது. பதினொரு மணிக்குப் போட்டது மூன்று மணிவரை நின்றது, வலது கண் மடிப்பில் மட்டும் லேசான கோடு. சந்தனம் பூச வந்த அத்தை முகத்தைத் திருப்பிப் பார்த்து, "கண்ணுல என்னடி அது, பூ மாதிரி?" என்றார். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். "220 ரூபா" என்றாள், நான் வாய் திறப்பதற்குள்.

டப்பாவின் இன்றைய நிலவரம்: எலுமிச்சையிலும் பீச்சிலும் அடித்தகரம் தெரிய ஆரம்பித்துவிட்டது. கத்திரிப்பூ பாதி. பிஸ்தாவை இன்னும் கண்ணில் நிறுத்தத் தெரியவில்லை. அடியில் மஞ்சளைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசனை. வான நீலம், செல்லோடேப்பில் போனது போக, கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. லைனர் கோட்டைக் கண்ணின் வெளிமூலையில் நீட்டி விடுகிற வாலும் வலது கண்ணில் ஒரு மாதிரி, இடது கண்ணில் ஒரு மாதிரிதான் வருகிறது. பஸ் பாஸ் அட்டையை வைத்துக்கூடக் கோடு பிடித்துப் பார்த்தாயிற்று.