பாரம் எங்கே போகிறது?

உடம்பின் மேல் மாட்டிக்கொள்ளும் தாங்கு உடையான எக்ஸோ சூட் என்றதும் ஒற்றைக் கையால் காரைத் தூக்கும் சினிமாக் காட்சிதான் பலருக்கு நினைவு வரும். ஜெனரல் எலெக்ட்ரிக் 1960-களின் நடுவில் ஏறக்குறைய அந்தக் கனவோடுதான் ஹார்டிமேன் என்ற உடையைச் செய்யத் தொடங்கியது. இலக்கு 680 கிலோ தூக்குவது. உடையின் எடையும் கிட்டத்தட்ட அதேதான். கடைசியில் ஒரு கை மட்டும் உருப்படியாக இயங்கியது. முழு உடையையும் சேர்த்து இயக்கினால் தாறுமாறாக உதறும் என்பதால் ஆளை உள்ளே நிறுத்தி ஓட்டவே இல்லை.

இன்று தொழிற்சாலைகளில் மாட்டிக்கொள்பவற்றில் பலவற்றுக்கு மோட்டாரே கிடையாது. ஸ்பிரிங், பெல்ட், பேட், அவ்வளவுதான். அவை பலத்தைக் கூட்டுவதில்லை. உடம்பில் ஓரிடத்துப் பாரத்தை எடுத்து இன்னோரிடத்தில் வைக்கின்றன. அந்த இன்னோரிடம் எது என்பதுதான் முதல் கேள்வி.

தூக்கிய கையைத் தாங்கும் தோள் சூட்டில் அது இடுப்பு. 70 கிலோ ஆளின் ஒரு கை சுமார் 3.5 கிலோ இருக்கும். காருக்கு அடியில் நின்று நட்டு முடுக்குபவர் கருவியோடு அந்தக் கையையும் நாள் முழுக்கத் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். ஃபோர்டு 2018-இல் தன் 15 ஆலைகளுக்குக் கொண்டுபோன உடை ஒரு கைக்கு 2.2 முதல் 6.8 கிலோ வரை தாங்கும். கூடுதலாகத் தாங்கட்டும் என்று ஸ்பிரிங்கை இறுக்கினால், கருவியைக் கீழே வைத்ததும் கை தானே மேலே எழும்பும். இடுப்புயரப் பெட்டியில் நட்டு எடுக்க ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கை எதிர்த்துக் கையை அழுத்த வேண்டிவரும். கை பெரும்பாலும் கீழேயே இருக்கும் வேலைக்கு இந்த சூட் வீண் சுமை.

முதுகு சூட்டில் கணக்குப் போட்டே பார்க்கலாம். 20 கிலோ பெட்டியை முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறோம். அதை எதிர்த்து இழுக்கும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. ஆக, எட்டு மடங்கு: பெட்டிக்காக மட்டும் தசை 160 கிலோ அளவுக்கு இழுக்கிறது, அத்தனையும் கீழ்முதுகு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளை நசுக்கும். சூட் 30 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை கொடுத்தால், தசையின் அந்த 5 செ.மீ. தூரக் கணக்கில் அதில் சுமார் 60 கிலோ குறையும். நல்ல லாபம்தான். ஆனால் அந்த விசை நெஞ்சுப் பேடுக்கும் தொடைப் பேடுக்கும் போகிறது. நெஞ்சுப் பேடு இடுப்பு மூட்டிலிருந்து 30 செ.மீ. மேலே இருந்தால் நெஞ்சில் 10 கிலோ அழுத்தம். குனிந்தே நிற்கும் வேலையில் மூச்சு முட்டும். பெண்களுக்கு இந்தப் பேடு பெரும்பாலும் சரியாக உட்காருவதே இல்லை. சைஸ் பட்டியலை நம்பாமல் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மாட்டும்போது சூட்டின் கீல், இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் தொடை எலும்புப் புடைப்புக்கு நேரே இருக்க வேண்டும். சில செ.மீ. விலகினாலே குனியும்போது பேடு தொடையில் வழுக்கித் தோலை உரசும். வியர்வை சேர்ந்தால் புண்ணாகும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். பிறகு மெல்லக் கூட்டலாம்.

மோட்டார் சூட்டில் வேறு தலைவலி. ஜப்பானின் ஹால் (HAL) சூட் போன்றவை தோலில் ஒட்டிய சென்சார் வழியே தசையின் மின்சைகையைப் படிப்பவை. சென்சார் நழுவினால் சைகை கெடும். உதவி அரை நொடி பிந்தி வந்தால் அது உதவி இல்லை, தள்ளிவிடுவது. பேட்டரி தீர்ந்தால் மூட்டு இறுகிக்கொள்ளுமா, தளர்ந்துவிடுமா, தீ விபத்தில் ஒரு கையால் கழற்ற முடியுமா என்பதை வாங்குமுன் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். அகலம் கூடிய உடம்பு ரேக்கிலும் ஃபோர்க்லிஃப்ட்டிலும் மாட்டுவதையும் மறக்கக் கூடாது.

பாரத்தைத் தொங்கவிட்டுத் தூக்கும் ஹாய்ஸ்ட்டோ தூக்குமேசையோ வைக்க இடமிருந்தால் சூட்டே வேண்டாம். சூட்தான் வழியென்றால் பெட்டியின் எடையைக் கண்காணிக்க வேண்டும். ‘இப்போதுதான் சூட் இருக்கிறதே’ என்று சூப்பர்வைசர் பெட்டிக்கு 8 கிலோ கூட்டினால், அதே 40 செ.மீ. தூரத்தில், முதுகுக்கு மிச்சமான 60 கிலோவும் சரியாகப் போயிற்று.