விரல் மரத்துப்போனால் பேச்சும் நின்றுபோகும்

பார்வையற்ற மலையேறி எரிக் வைஹன்மேயர் 2001-இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டபோது, முன்னே போனவரின் மணியோசையைக் கேட்டுத்தான் அடியெடுத்து வைத்தார். பார்வையோடு செவித்திறனும் குறைந்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. தரை, கயிறு, துணைவரின் சொல் எல்லாமே கை வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதனால் அவருடைய மலைப்பயண ஏற்பாடுகள் அத்தனையும் கைச்சூட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தடித்த கையுறைக்குள் தொடுசைகை, அதாவது கையைத் தொட்டுப் பேசும் சைகை மொழி, புரியாது. வெறுங்கையில் பேசினால் விரல் மரத்துவிடும். மெல்லிய உள்ளுறை ஒன்று, அதற்கு மேல் விரல் பிரியாத தடித்த உறை ஒன்று, அந்த மேலுறை காற்றில் பறக்காதபடி மணிக்கட்டில் வார். நீளமான பேச்சை நிற்கும் இடங்களில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பெரிய உறை ஒன்றுக்குள் இருவர் கையையும் நுழைத்துப் பேசலாம். நடக்கும்போது ஐந்தாறு குறிகள் போதும்: நில், நட, படி, பள்ளம், இடம், வலம். ஆபத்து என்றால் முதுகில் பெரிய பெருக்கல் குறி போடும் வழக்கம் உண்டு. மலையில் முதுகை முதுகுப்பை மறைத்துக்கொள்வதால் அதைத் தோளுக்குக் கீழுள்ள மேல்கைக்கு மாற்றி, வீட்டிலேயே பழகிவிடுங்கள்.

பாதையில் வார் பிடித்து நடப்பதைவிட, ஒரே கழியை முன்னும் பின்னுமாகப் பிடித்து நடப்பது மேல். வார் இழுப்பை மட்டும் சொல்லும்; விறைப்பான கழியோ முன்னவர் ஏறுகிறாரா, இறங்குகிறாரா என்பதையும் சொல்லிவிடும். அதைக் கையோடு கட்டவே கூடாது. ஒருவர் சறுக்கினால் மற்றவர் உடனே விட வேண்டும்.

கயிற்றைச் சுண்டிச் சேதி சொல்லலாம் என்ற யோசனையை நாங்கள் பாதிதான் ஏற்கிறோம். ஏறுகயிறு இழுபடும் தன்மையுள்ளது. பாறை விளிம்பில் உரசும்போது மூன்று சுண்டல் ஒன்றாகப் போய்ச்சேரும். குறுகிய தூரத்துக்குச் சரி, முழு நீளத்துக்கு நம்பாதீர்கள். பனிப்பிளவு உள்ள பனியாற்றில் சிக்கல் இன்னும் பெரிது: பிளவுக்கு அஞ்சி இடைவெளி விட வேண்டும், பேச்சுக்கு நெருங்க வேண்டும். நெருங்கி நடக்கும் இருவரும் சேர்ந்தே விழக்கூடும் என்பதால், கயிற்றில் அவர்களுக்கு முன்னும் பின்னும் போதிய ஆட்கள் வேண்டும். இல்லையென்றால் வேறு பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

முடிச்சைத் தொட்டே சரிபார்க்கலாம். ஏறுபவரைக் கயிற்றோடு இணைக்கும், திரும்பப் பின்னிய ‘8’ வடிவ முடிச்சில் ஐந்து இடங்களில் இணை இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் தட்டுப்பட வேண்டும். கயிற்றை மாட்டும் உலோக வளையமான காரபினரைப் பூட்டியபின் அதன் திறப்பை அழுத்திப் பாருங்கள். அதன் பூட்டுத் திருகில் பனி உறைந்திருந்தால் பூட்டியதுபோல் தோன்றி ஏமாற்றும்.

செவியையும் பார்வையையும் சேர்த்துப் பாதிக்கும் மரபுவழி நோயான அஷர் நோய்க்குறி உள்ளவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதன் முதல் வகையில் உள்காதின் சமநிலை உணர்வும் பிறவியிலேயே பாதிக்கப்பட்டிருக்கும். மீதிப் பார்வையும் பாதமுமே உடலை நிமிர்த்தி வைக்கின்றன. இருட்டிலும் மூடுபனியிலும் பார்வை உதவாது, தடித்த பூட்ஸுக்குள் பாதமும் மந்தமாகிவிடும். எனவே உச்சிக்கு நள்ளிரவில் கிளம்பும் வழக்கம் இவர்களுக்குப் பொருந்துவது அரிது. உயரத்தால் மூளை வீங்குகிறதா என்று பார்க்கக் குதிகாலோடு விரல் ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்வார்கள். எப்போதுமே தள்ளாடுபவரிடம் அது தவறான முடிவைத் தரும். கிளம்பும் முன் அடிவாரத்தில் அவர் எப்படி நடக்கிறார் என்று குறித்து வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

உயர நோய்க்குத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை விரல் நுனியில் குறுகுறுப்பை உண்டாக்கக்கூடியது. மற்றவருக்குச் சிறு தொல்லை; விரலால் படிப்பவருக்கு எழுத்தே குழம்பும். மருத்துவரிடம் கேட்டு, பயணத்துக்கு முன்பே ஓரிரு நாள் சோதித்துவிடுங்கள். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதே முதல் தற்காப்பு.

காது கருவியின் துத்தநாக-காற்று மின்கலம் குளிரில் சோர்ந்துவிடும். மாற்று மின்கலங்களை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். உள்காதில் பதிக்கும் கருவி (காக்ளியர் இம்ப்ளான்ட்) உள்ளவர்கள் தலைக்கவசத்தை வீட்டிலேயே போட்டுப் பார்க்கட்டும். கவசத்தின் விளிம்பு, தலையில் ஒட்டியிருக்கும் காந்தச் சுருளைத் தட்டிவிடும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளங்கையில் மூன்று எழுத்து எழுதிக் கேளுங்கள். தவறினால் கையைச் சூடாக்கி மறுபடி எழுதுங்கள். கை சூடான பின்னும் தவறினால், தடுமாறுவது தலை என்று எடுத்துக்கொண்டு உடனே கீழே இறங்குங்கள்.