லோ கியரில் மட்டும் கொதித்த ஜீப்

போன வருடம் ஏப்ரலில் ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டத்துக்குள் என் பழைய டீசல் ஜீப் கொதித்து நின்றது. சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக மலை ஏறி முடிக்கும் வரைக்கும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவே இல்லை. தோட்டத்துக்குள் கல்லும் வேருமாகக் கிடக்கிற பாதையில் 4 லோ (நான்கு சக்கரமும் இழுக்கிற, வேகம் குறைந்து இழுவை கூடுகிற கியர்) போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் அரை கிலோமீட்டர் போயிருப்போம், முள் சிவப்பைத் தொட்டுவிட்டது, ரேடியேட்டர் கேப் பக்கமிருந்து புஸ்ஸென்று ஆவி. தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்து "மேல ஊத்திரலாமாண்ணா?" என்றார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் பட்டால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும், கேப்பைத் திறந்தால் கையும் முகமும் வெந்துபோகும். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் சில்வர் ஓக் மர நிழலில் காத்திருந்தோம்.

அன்றைக்கு மண்டைக்குள் ஓடிய கேள்வி ஒன்றுதான். மலைச்சாலையில் மூச்சு முட்ட ஏறும்போது வராத சூடு, மெதுவாகப் போகும்போது ஏன் வந்தது? சாலையில் முப்பது நாற்பதில் போனால் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்த்துவிடும். பாறையில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற ஃபேன்தான் முழுக் காற்றையும் இழுக்க வேண்டும், எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் இருந்தால் ஃபேனும் அந்த அளவில்தான் சுற்றும். ஆனால் எஞ்சின் உழைப்பில் குறைச்சல் இல்லை, சூடும் குறைவதில்லை.

ஊருக்கு வந்து விசாரித்தால் எல்லோரும் சொன்னது இரண்டு வழி: பெரிய ரேடியேட்டர் போடு, இல்லை தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைக்கிற வால்வு) கழற்றி எறி. இரண்டாவதை எனக்குச் சொல்லாமலேயே யாரோ ஒரு மெக்கானிக் முன்பே செய்திருந்தார் என்பது ஹவுசிங்கைத் திறந்தபோதுதான் தெரிந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது. முழுதாகத் திறந்த தெர்மோஸ்டாட்டும் கழற்றிப்போட்ட தெர்மோஸ்டாட்டும் கொதிக்கிற நேரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் கழற்றி ஒரு லாபமும் இல்லை. காலையில் எஞ்சின் சூடேற நேரமாகும், டீசல் சரியாக எரியாது, புகை வரும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் சூடானதும் பைபாஸ் வழியை அடைப்பதே தெர்மோஸ்டாட்தான், அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நான் 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி, பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டரையும் கூடவே வைத்துப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியதும் மெல்ல வாய் திறந்தது. அப்புறம்தான் வண்டியில் மாட்டினேன்.

காசைச் செலவழிக்கும் முன், சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கெட் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது கேப்பைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள், ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழி வந்தாலோ, கேப் போட்டு ஓட்டிய ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலோ, எரிகிற வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு எந்த ரேடியேட்டரும் மருந்து இல்லை. என் வண்டியில் அந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்து, தெரிந்தவரிடம் லேசர் புள்ளி அடிக்கிற டெம்பரேச்சர் கன் இரவல் வாங்கி, எஞ்சின் சூடாக ஓடும்போது ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். நடுவில் சுடுகிறது, வலது ஓரம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கிறது. சுடுதண்ணீர் அந்தக் குழாய்களுக்குள் போகவே இல்லை என்று அர்த்தம். ரேடியேட்டர் பட்டறை பாய் மேல்தொட்டியைப் பிரித்துக் காட்டினார், குழாய் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. "போர் தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுட்டாங்க தம்பி" என்றார். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் கெட்டில் அடியில் எப்படிப் படிகிறது என்று வீட்டில் தினமும் பார்க்கிறோம், அதே தண்ணீரை வருடக்கணக்காக எஞ்சினுக்குள் கொதிக்க வைத்தால் வேறென்ன ஆகும்?

கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம்தான், ஆனால் பித்தளைக் குழாய் மெலிந்துபோயிருந்தது. குழாய்கள் இருக்கிற நடுப்பகுதியான கோர் முழுவதையும் மாற்றச் சொன்னேன், மூன்று வரிசைக் குழாய்க்குப் பதில் நான்கு வரிசை. அலுமினியம் போடலாமா என்று நிறைய யோசித்தேன். எடை குறைவு, குழாய் அகலம், நன்றாகவே குளிர்த்தும். ஆனால் தோட்டத்துக்குள் கல் அடித்து ஓட்டை விழுந்தால் செம்பு-பித்தளையை எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் ஈயம் வைத்து அடைத்துவிடுவார்கள், அலுமினியத்துக்கு ஆள் தேட வேண்டும். அதனால் பழைய வகையிலேயே நின்றேன்.

ஆனால் வரிசையைக் கூட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். கோர் தடிமனானால் அதற்குள் காற்றை இழுப்பது இன்னும் கஷ்டம். ஃபேன் பலவீனமாக இருந்தால் லோ கியரில் நான்கு வரிசை ஒரு பிரயோஜனமும் தராது. என் வண்டியில் ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய ஷ்ரவுட் என்கிற உறை எந்தக் காலத்திலோ காணாமல் போயிருந்தது. ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தனக்கு எதிரே இருக்கிற வட்டத்தில் மட்டும் இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும், எஞ்சின் பக்கத்துச் சுடுகாற்றையே திரும்பத் திரும்பக் கலக்கிக்கொண்டிருக்கும். டிங்கரிங் கடையில் தகரத்தில் ஒன்று செய்தோம். ஃபேன் இறக்கையில் பாதி ஷ்ரவுட் வளையத்துக்கு உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி, சுற்றிலும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இடைவெளி. அதைவிட நெருக்கினால், மவுண்டில் எஞ்சின் ஆடும்போது இறக்கை உரசும். ரேடியேட்டருக்கும் பாடிக்கும் இடையில் இருந்த சந்துகளை ரப்பர் பட்டையால் அடைத்தேன். நான்கு இறக்கை ஃபேனை எடுத்துவிட்டு ஆறு இறக்கை. என் அனுபவத்தில் அதிகப் பலன் தந்தது இந்தத் தகரமும் ரப்பரும்தான், செலவும் இதற்குத்தான் குறைவு.

எலக்ட்ரிக் ஃபேன் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். எஞ்சின் வேகத்தைப் பார்க்காமல் சுற்றும் என்பது பெரிய நன்மைதான். ஆற்றுக்குள் ஆழமாக இறங்குகிறவர்களுக்கு அதுதான் சரி, சுவிட்சில் நிறுத்திவிடலாம். சுற்றிக்கொண்டே தண்ணீரில் மூழ்கும் ஃபேனின் இறக்கை வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். ஆனால் என் பழைய ஆல்டர்னேட்டர் ஏற்கெனவே திணறுகிறது, பெரிய ஃபேன் ஒன்றே 20 ஆம்பியர் போல இழுக்கும். நான் ஆற்றில் இறங்குவதும் அபூர்வம்.

கேப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். என் கேப்பின் ஸ்பிரிங் செத்துப்போய் அழுத்தமே நிற்கவில்லை, ரேடியேட்டரும் திறந்த பாத்திரம் மாதிரிதான் இருந்திருக்கிறது. 0.9 பார், அதாவது 13 பிஎஸ்ஐ கேப் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் அதே உயரத்தில் வெறும் தண்ணீர்கூட 115 வரை கொதிக்காது. பழைய கோரில் இதை மாட்டாதீர்கள், ஈய ஒட்டு பிட்டுக்கொள்ளும். புது கோர் இவ்வளவு தாங்குமா என்று பாயிடம் கேட்டு, ஹோஸ்களையும் மாற்றிய பிறகுதான் மாட்டினேன். கீழ் ஹோஸுக்குள் ஒரு சுருள் கம்பி இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் சப்பையாகிவிடும்.

கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. அதற்கு மேல் கூலன்ட் சேர்ப்பதில் லாபம் இல்லை, வெறும் தண்ணீர்தான் சூட்டை அதிகம் சுமக்கும். கூலன்ட்டின் வேலை துருவையும் படிவையும் தடுப்பது, கொதிநிலையைக் கொஞ்சம் ஏற்றுவது. ஊற்றும்போது வண்டியின் மூக்கு மேலே இருக்கிற மாதிரி சரிவில் நிறுத்தி, காற்று முழுக்க வெளியேறும் வரை பொறுமையாக ஊற்றினேன். கிரில்லுக்கு முன்னால் அழகுக்காக நின்ற இரண்டு பெரிய லைட்டையும் எடுத்துவிட்டேன், வருகிற காற்றையே மறைத்துக்கொண்டிருந்தன.

இந்த ஏப்ரலில் அதே தோட்டம், அதே பாதை, இந்த முறை ஐந்து பேர். மேலே போய் நிறுத்தி கன்னை அடித்துப் பார்த்தேன், மேல்தொட்டி 91, கீழ்த்தொட்டி 80. குடத்தோடு வந்தவர் இந்தத் தடவை குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

ஒரு வேலை பாக்கி. தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் மீட்டரின் சென்சார் காற்றில் தொங்கும், எஞ்சின் வெந்துகொண்டிருந்தாலும் முள் கீழே இறங்கிவிடும். அதனால் சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டிலேயே மாட்டுகிற இன்னொரு சென்சாரும், சத்தம் போடுகிற ஒரு பஸ்ஸரும் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வயரிங்.