ஆலன் ரிக்மனுக்கு அவசரமே கிடையாது

ஸ்னேப் வாத்தியார் என்றால் பலருக்கும் தெரியும், ஆலன் ரிக்மன் என்றால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். ஹாரி பாட்டர் படங்களில் கறுப்பு அங்கியோடு வந்து, ஒவ்வொரு சொல்லையும் மென்று மென்று பேசுவாரே, அவரேதான். எனக்கு அந்த மனுஷனிடம் பிடித்ததே எதற்கும் அவசரப்படாததுதான், பேச்சிலும் சரி, பிழைப்பிலும் சரி.

1946-ல் லண்டனில், தொழிலாளி வீட்டில் பிறந்தவர். எட்டு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். படித்தது கிராஃபிக் டிசைன். நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்தவர், 26 வயதில் அதை விட்டுவிட்டு ராடா நாடகக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். நம் வீடாக இருந்தால் "நல்லா இருந்த தொழிலை விட்டுட்டு கூத்தாடப் போறானாம்" என்று சொந்தபந்தமெல்லாம் கூடிப் பஞ்சாயத்து வைத்திருக்கும். செலவுக்குக் காசு வேண்டுமே, ரால்ஃப் ரிச்சர்ட்சன் போன்ற பெரிய நடிகர்களுக்கு உடை மாட்டிவிடும் வேலையும் பார்த்திருக்கிறார்.

அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் நாடகம், நாடகம், நடுநடுவே கொஞ்சம் டிவி. 1985-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி போட்ட 'லே லியேசோன் டாஞ்ஜரூஸ்' நாடகத்தில் வால்மோன் என்ற மன்மதப் பிரபு வேடம் கிடைத்தது. அதுதான் அவரை நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை வரை கொண்டுபோய், நாடகத்துக்கான டோனி விருதுப் பரிந்துரையும் வாங்கித் தந்தது. ஆனால் அதே கதை சினிமாவானபோது வேடம் ஜான் மால்கோவிச்சுக்குப் போய்விட்டது. எனக்கே வயிறு எரிகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்தப் படம் வந்த அதே 1988-ல்தான் 'டை ஹார்ட்'டும் வந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு முதல் சினிமா, அதுவும் ஹாலிவுட் வில்லன். அதில் அவர் கத்துவது ரொம்பக் குறைவு. கோட் சூட் போட்டுக்கொண்டு, ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற தொனியில் மிரட்டுவார், நமக்கு உதறும். கடைசியில் மாடியிலிருந்து விழுகிற காட்சியை நிறுத்திப் பாருங்கள், முகத்தில் நிஜமான பயம் தெரியும். எண்ணி முடித்துத்தான் விடுவோம் என்று சொல்லிவிட்டு, படப்பிடிப்பில் முன்னாடியே அவரைக் கீழே விட்டுவிட்டார்களாம்!

வில்லன் முத்திரை குத்தப் பார்த்தார்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 'தி விண்டர் கெஸ்ட்' என்று ஒரு படத்தை இயக்கினார். ஹாரி பாட்டர் முதல் இரண்டு படங்கள் வந்த காலத்திலேயே, வால்மோனுக்கு ஜோடியாக நடித்த லிண்ட்சே டங்கனோடு 'பிரைவேட் லைவ்ஸ்' நாடகத்தில் லண்டனிலும் நியூயார்க்கிலும் மேடையேறினார். 2016 ஜனவரியில் 69 வயதில் புற்றுநோயால் இறந்தார். ஆஸ்கருக்கு ஒரு தடவைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை, அதை என்னவென்று சொல்ல.

ஸ்னேப்பை மட்டும் பார்த்தவர்கள் 1995-ல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைப் பாருங்கள். காதலித்த பெண் காய்ச்சலில் கிடக்கும்போது, ஏதாவது வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் அக்காவிடம் கேட்பார். அப்போதும் குரலை உயர்த்த மாட்டார்.